கூட்டலாமா, கூடாதா: கணக்கெடுக்கக் கிளம்பும் பிள்ளைகளுக்கு

மாறிகளின் வகைகள், அளவைகளின் வகைகள் எல்லாம் புள்ளியியல் பாடத்தில் முதல் வாரமே முடிந்துவிடும் சமாசாரம். பெயரளவு, வரிசை, இடைவெளி, விகிதம் என்று நாலு பெயரை மனப்பாடம் செய்து, இரண்டு மார்க் வாங்கிக்கொண்டு பிள்ளைகள் தாண்டிப் போய்விடுகிறார்கள். பிறகு பௌர்ணமி அன்று கையில் டேப்லெட்டோடு திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையில் நிற்கும்போதும், செங்கம் பக்கம் ஏதோ ஒரு கிராமத்துத் திண்ணையில் உட்கார்ந்து கேள்வி கேட்கும்போதும் அந்த நாலு பெயர் ஞாபகத்துக்கு வருவதில்லை. அறிக்கை எழுத உட்காரும்போதுதான் வருகிறது. அதற்குள் காரியம் கைமீறிப் போயிருக்கும். ஒரு விவரத்தைக் கூட்டலாமா, வகுக்கலாமா, வெறுமனே எண்ணிவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டுமா என்பதெல்லாம் கேள்வி கேட்ட இடத்திலேயே முடிவாகிவிடுகிறது. புள்ளியியல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்கிற உரிமையில், நம் ஊர்க் கணக்குகளை வைத்தே சிலவற்றைச் சொல்கிறேன்.

1. எண் வடிவத்தில் இருப்பதையெல்லாம் அளவு என்று நம்பிவிடாதீர்கள். திருவண்ணாமலையின் அஞ்சல் குறியீடு 606601. வண்டிப் பதிவெண் டிஎன் 25. ஆறு இலக்க அஞ்சல் குறியீடு 1972 ஆகஸ்ட் 15 அன்று நாட்டுக்கு வந்தது. முதல் இலக்கம் 6 என்றால் தமிழ்நாடு, கேரளப் பக்கம். டெல்லியின் குறியீடு 1-இல் தொடங்குகிறது என்பதற்காக நம் ஊர் டெல்லியைப் போல ஆறு மடங்கு ஆகிவிடுமா? இதைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஆனால் படிவத்தில் விவசாயம் 1, கூலி வேலை 2, பூ வியாபாரம் 3, ஆட்டோ 4 என்று குறியீடு போட்டு, அதைக் கணினியில் ஏற்றி, தொழிலுக்குச் சராசரி 2.37 என்று அட்டவணையே அச்சிட்ட அறிக்கைகளை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கணினி எதிர்த்துக் கேள்வி கேட்காது. எதைக் கொடுத்தாலும் கூட்டி வகுத்துக் கொடுத்துவிடும். தொழில், மதம், தாய்மொழி, இரத்த வகை ஆகியவை பெயரளவு மாறிகள். அவற்றில் போட்ட எண் வெறும் முகவரிச் சீட்டு. எத்தனை பேர், எத்தனை சதவீதம், எது அதிகம் என்று சொல்லலாம். அந்த அதிகமானதுதான் முகடு. அதற்கு மேல் போகாதீர்கள்.

2. மாறி எந்த வகை என்று கேட்பதற்கு முன் கேள்வி என்ன என்று பாருங்கள். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாடப்புத்தகங்கள் இதைத்தான் விட்டுவிடுகின்றன. 'பாலினம் பெயரளவு, எடை விகிதம்' என்று பொருளுக்கே ஜாதகம் எழுதிவைத்தது போல அவை பட்டியல் போடும்.

கிரிவலப் பாதை ஏறக்குறைய 14 கிலோமீட்டர். எட்டுத் திக்குக்கும் எட்டு லிங்கங்கள்: இந்திர, அக்னி, எம, நிருதி, வருண, வாயு, குபேர, ஈசான்ய. கிழக்கில் தொடங்கி மலையை வலப்பக்கம் வைத்து நடந்தால் இதே வரிசையில் வரும். படிவத்தில் 1 முதல் 8 வரை குறியீடு போட்டாயிற்று. இப்போது நடக்க வந்தவரிடம் 'இந்த எட்டு சந்நிதியில் உங்கள் மனசுக்கு நெருக்கமானது எது?' என்று கேட்கிறீர்கள். ஒருவர் குபேரர் என்கிறார், ஒருவர் ஈசான்யம் என்கிறார். இது சுத்தமான பெயரளவு. 7, 8 என்ற எண்களுக்கு இங்கே வரிசைகூடக் கிடையாது. அகர வரிசையில் மாற்றிப் போட்டாலும் ஒன்றும் குறையாது.

அதே ஆளிடம், அதே எட்டுக் குறியீட்டை வைத்துக்கொண்டு, 'முதன்முதலாக எந்த லிங்கத்தருகே உட்கார்ந்து இளைப்பாறினீர்கள்?' என்று கேளுங்கள். எண்களுக்கு உடனே உயிர் வந்துவிடுகிறது. 3 என்றவர் 5 என்றவருக்கு முன்பே களைத்திருக்கிறார். இது வரிசை அளவை. பதில்களை வரிசையாக அடுக்கி நடுவில் இருப்பவரைப் பார்த்து, 'பாதிப் பேர் வருண லிங்கம் வருவதற்குள் உட்கார்ந்துவிடுகிறார்கள்' என்று சொல்லலாம். அந்த நடு ஆள்தான் இடைநிலை. குடிநீர்த் தொட்டியை எங்கே வைப்பது என்று யோசிப்பவருக்கு இந்த ஒரு வாக்கியம் போதும். ஆனால் சராசரி 4.6 என்று எழுதினால் நிருதிக்கும் வருணனுக்கும் நடுவில் எங்கேயோ ஒரு இடத்தைக் காட்டுகிறீர்கள். லிங்கங்கள் சம தூரத்தில் இல்லை என்பதால் அந்த இடம் பாதையில் எங்கேயும் இல்லை.

மூன்றாவது கேள்வி: 'புறப்பட்ட இடத்திலிருந்து எத்தனை கிலோமீட்டரில் உட்கார்ந்தீர்கள்?' கைபேசியில் தூரம் பதிவாகியிருந்தால் 4.2, 6.8 என்று பதில் வரும். இது விகித அளவை. கூட்டலாம், வகுக்கலாம், இவர் அவரைவிட ஒன்றரை மடங்கு நடந்தார் என்றும் சொல்லலாம்.

ஒரே பாதை, ஒரே ஆள், ஒரே இளைப்பாறல். கேள்வி மாற மாற அளவையும் மாறிவிட்டது.

3. இந்த நாலு வகையை ஏதோ ஆதியிலிருந்தே இருப்பதாக நினைக்க வேண்டாம். 1932-இல் பிரிட்டனில் இயற்பியலாளர்களும் உளவியலாளர்களும் சேர்ந்த ஒரு குழுவை அமைத்தார்கள். மனிதன் உணர்வதை, உதாரணமாக ஓசை எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதை, எண்ணால் அளக்க முடியுமா என்பது கேள்வி. வருடக்கணக்கில் வாதாடியும் ஒருமனதாக முடிவு வரவில்லை. அந்தச் சண்டையில் அடிபட்டதில் ஒன்று ஹார்வர்டு உளவியலாளர் எஸ். எஸ். ஸ்டீவன்ஸின் ஓசை அளவை. அவர் 1946-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையில்தான் நாலு அளவைகளும் இன்றைய உருவத்தில் வந்தன. அளப்பது என்றால் இது ஒன்றுதான் என்று அடம்பிடிக்காமல், எந்த விதிப்படி எண் போட்டாய், அந்த விதி எந்தக் கணக்கைத் தாங்கும் என்று கேட்டார். அவர் போட்ட தடைகளை ஏற்காத புள்ளியியலாளர்களும் அன்று முதல் இன்று வரை உண்டு. நாலு பெட்டிக்குள் உலகம் அடங்காது என்பது அவர்கள் கட்சி. அது சரிதான்; பத்தாவது அறிவுரையில் அதைப் பார்ப்பீர்கள். இருந்தாலும் தொடங்குகிறவருக்கு நாலு பெட்டி வேண்டும். தடையை மீறலாம், மீறுகிறோம் என்று தெரிந்து மீற வேண்டும்.

4. பூஜ்யம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். இடைவெளி அளவைக்கும் விகித அளவைக்கும் உள்ள வித்தியாசம் இது ஒன்றுதான். பரீட்சையில் பிள்ளைகள் தடுக்கி விழுவதும் இங்கேதான்.

கார்த்திகை தீபம் வந்தால் எல்லாப் பத்திரிகையிலும் '2668 அடி உயர மலை உச்சியில் மகா தீபம்' என்று செய்தி வரும். கீழே, கிருஷ்ணதேவராயர் தொடங்கி தஞ்சை செவ்வப்ப நாயக்கர் காலத்தில் முடிந்த கிழக்கு ராஜகோபுரம் 217 அடி. பதினொரு நிலை. ஒரு பையன் வகுத்துப் பார்க்கிறான்: 2668-ஐ 217-ஆல் வகுத்தால் பன்னிரண்டு சொச்சம். 'கோபுரத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு உயரம் நம் மலை' என்று கட்டுரையில் எழுதிவிடுகிறான். கணக்கு சரி, வாக்கியம் தப்பு. கோபுரத்தின் 217 அடி தெருவிலிருந்து அளந்தது. மலையின் 2668 அடி கடல் மட்டத்திலிருந்து அளந்தது. ஊர்த் தரையே கடல் மட்டத்துக்கு 500 அடிக்கு மேலே இருக்கிறது. அடிவாரத்திலிருந்து பார்த்தால் மலை ஏறக்குறைய இரண்டாயிரம் அடிதான். கோபுரத்தைப் போல ஒன்பது, ஒன்பதரை மடங்கு. இரண்டும் அடி என்ற ஒரே அலகில்தான் இருக்கின்றன, ஆனால் இரண்டின் பூஜ்யமும் வேறு. கடல் மட்டம் என்பது வசதிக்காக மனிதன் வைத்துக்கொண்ட தொடக்கம். அங்கே தொடங்கி அளந்த இரண்டு சிகரங்களின் வித்தியாசத்தைச் சொல்லலாம். இதைப் போல அது இத்தனை மடங்கு என்பதற்குப் பொருள் கிடையாது.

வெயிலும் இப்படித்தான். இதற்கு ஒரு சுலபமான சோதனை இருக்கிறது: அலகை மாற்றிப் பாருங்கள். 30 டிகிரி செல்சியஸ், 40 டிகிரி செல்சியஸ். வகுத்தால் 1.33, மூன்றில் ஒரு பங்கு வெப்பம் கூடிவிட்டது போலத் தோன்றும். நம் பத்திரிகைகள் 'வேலூரில் வெயில் சதம்' என்று போடுவது பாரன்ஹீட் கணக்கு. அதில் இதே இரண்டும் 86, 104. வகுத்தால் 1.21. உண்மையான பூஜ்யத்திலிருந்து தொடங்கும் கெல்வினில் பார்த்தால் 303, 313. கூடியது மூன்று சதவீதம்தான். அதே வெயில், மூன்று பதில். அப்படியானால் செல்சியஸிலும் பாரன்ஹீட்டிலும் 'மடங்கு' என்ற பேச்சே கூடாது என்று அர்த்தம். மல்லிகைப் பூவை எடுத்துக்கொள்ளுங்கள். 30 கிலோ, 60 கிலோ. பவுண்டுக்கு மாற்றினாலும், பழைய வீசைக்கு மாற்றினாலும் இரண்டு மடங்கு இரண்டு மடங்காகவே நிற்கும். பூ இல்லை என்றால் எந்தத் தராசிலும் பூஜ்யம்தான்.

(செல்சியஸ் 1742-இல் முதலில் போட்ட அளவையில் தண்ணீர் கொதிப்பது 0, உறைவது 100. பிறகுதான் தலைகீழாக்கினார்கள். பூஜ்யம் எவ்வளவு தன்னிஷ்டமானது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.)

ஆண்டுக் கணக்கும் இதே ஜாதி. கி.பி. ஆண்டோடு 31 கூட்டினால் திருவள்ளுவர் ஆண்டு. எதில் பார்த்தாலும் இரண்டு சம்பவங்களுக்கு இடையிலுள்ள வருடங்கள் மாறாது; மடங்கு மட்டும் மாறும்.

5. 'மிகவும் திருப்தி, திருப்தி, பரவாயில்லை, திருப்தியில்லை, கொஞ்சமும் இல்லை' என்ற ஐந்தும் வரிசைதான், ஐந்து சமமான படிகள் அல்ல. கிரிவலப் பாதைக் கழிப்பறை பற்றி இந்தக் கேள்வி கேட்காத கல்லூரி மாணவரே இல்லை. ரென்சிஸ் லிக்கர்ட் 1932-இல் தொடங்கிவைத்த வழக்கம் இது. 'பரவாயில்லை'யிலிருந்து 'திருப்தி'க்கு ஏறுவதும், 'திருப்தி'யிலிருந்து 'மிகவும் திருப்தி'க்கு ஏறுவதும் ஒரே உயரமா? நம் ஜனங்களிடம் 'பரவாயில்லை' என்பது பாதி நேரம் புகார். மீதி நேரம் பாராட்டு.

சராசரி எடுக்கவே கூடாது என்று நான் கண்டிப்புக் காட்டமாட்டேன். உலகமே எடுக்கிறது. பல கேள்விகளைக் கூட்டி ஒரு மதிப்பெண் ஆக்கும்போது அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் சராசரியை மட்டும் தராதீர்கள். ஓரிடத்தில் நூறு பேரும் 3 போட்டிருக்கிறார்கள். இன்னோரிடத்தில் ஐம்பது பேர் 1, ஐம்பது பேர் 5. இரண்டுக்கும் சராசரி 3. முதலிடத்தில் யாருக்கும் குறையுமில்லை, நிறைவுமில்லை. இரண்டாவது இடத்தில் ஆண்கள் பக்கம் நன்றாகவும் பெண்கள் பக்கம் பூட்டியும் கிடந்திருக்கலாம். ஒவ்வொரு பதிலுக்கும் எத்தனை பேர் என்ற வரியை அட்டவணையில் போட்டால் இது தானே தெரியும்.

வரிசை இடைவெளியை மறைக்கும் என்பதற்குப் பள்ளிக்கூட ரேங்க்கைவிட நல்ல உதாரணம் கிடையாது. முதல் ரேங்க் 499, இரண்டாவது 498, மூன்றாவது 471 என்றிருந்தாலும் சுவரில் 1, 2, 3 என்றுதான் ஒட்டுவார்கள். தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வில் மாநில ரேங்க் அறிவிப்பதை 2017-இல் நிறுத்தினார்கள். நல்ல காரியம்.

6. இல்லாத வரிசையை நீங்களாகக் கற்பிக்காதீர்கள். குடும்ப அட்டையில் பிஎச்எச், பிஎச்எச்-ஏஏஒய், என்பிஎச்எச், என்பிஎச்எச்-எஸ், என்பிஎச்எச்-என்சி என்று ஐந்து வகை. பிஎச்எச்-ஏஏஒய் என்கிற அந்தியோதயா அட்டைக்கு 35 கிலோ அரிசி. என்பிஎச்எச்-எஸ் என்கிற சர்க்கரை அட்டைக்கு அரிசி கிடையாது. கடைசி வகைக்குப் பொருளே கிடையாது. உடனே இதை ஏழை முதல் பணக்காரர் வரை 1, 2, 3, 4, 5 என்று அடுக்கிவிடுகிறார்கள். அரிசி வேண்டாம், சர்க்கரை போதும் என்று விரும்பி மாற்றிக்கொண்ட குடும்பம் உண்டு. வசதி வந்தபின்னும் பழைய அட்டையையே வைத்திருக்கும் குடும்பமும் உண்டு. அட்டை வகை என்று எழுதுங்கள், வறுமை நிலை என்று எழுதாதீர்கள்.

7. எண்ணுவது வேறு, அளப்பது வேறு. வீட்டில் எத்தனை பிள்ளைகள், எத்தனை மாடுகள் என்பது தனித்த மாறி. 2 உண்டு, 3 உண்டு, நடுவில் ஒன்றும் இல்லை. உயரம், எடை, விளைச்சல் தொடர் மாறி; உங்கள் கருவி எவ்வளவு நுணுக்கமோ அவ்வளவு தசமம் வரும். சராசரியாக 2.3 பிள்ளை என்று சொல்வதில் தப்பில்லை, அது ஊருக்கான கணக்கு. 'சராசரிக் குடும்பத்தில் 2.3 பிள்ளை இருக்கிறது' என்றால்தான் தப்பு.

இதில் ஆபத்தான இடம் மூட்டை. விவசாயி 'ஏக்கருக்கு முப்பது மூட்டை' என்கிறார். எண்ணிச் சொல்கிறார், ஆனால் நமக்கு வேண்டியது எடை. வியாபாரிக்குப் போடுகிற மூட்டை 75 கிலோ. அரசுக் கொள்முதல் நிலையத்தில் மூட்டை 40 கிலோ. முதல் கணக்கில் 2250 கிலோ, இரண்டாவதில் 1200 கிலோ. மூட்டைக்கு எத்தனை கிலோ என்ற துணைக்கேள்வி இல்லாத படிவத்தை வாங்காதீர்கள். வாய்வார்த்தையை நம்பாமல், வயலில் கட்டம் போட்டு, அறுத்து, அடித்து, எடைபோடும் முறையை 1940-களில் புள்ளியியலாளர்கள் பான்சேயும் சுகாத்மேயும் நாட்டுக்கு நிலைநாட்டியது சும்மா இல்லை. கட்டம் எந்த இடத்தில் என்பதையும் தற்செயல் எண்ணை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், வரப்போரம் செழிப்பாக நிற்கிற இடத்தில் அல்ல.

8. முடிந்த மட்டும் நுணுக்கமாகக் கேளுங்கள், பிறகு சுருக்கிக்கொள்ளலாம். வயதை ஆண்டாகக் கேட்டால் 18-30, 31-45 என்று பிரிவாக்குவது ஒரு நிமிட வேலை. பிரிவாகக் கேட்டுவிட்டால் திரும்ப வயதாக்க எந்த மென்பொருளாலும் ஆகாது. விகித அளவையிலிருந்து வரிசைக்கு இறங்கலாம். வரிசையிலிருந்து விகிதத்துக்கு ஏற முடியாது.

ஆனால் நுணுக்கமான எண் கிடைத்துவிட்டால் அது உண்மை என்று மயங்கவும் கூடாது. ஒரு திண்ணைப் பேச்சைச் சொல்கிறேன். இந்த மாதிரி நூறு பேச்சு உங்களுக்கும் வரும்.

"ஆயா, உங்களுக்கு வயசு என்ன?"

"அது யாரு கண்டா கண்ணு. ஒரு அறுவது இருக்கும். எழுவதுன்னாலும் போட்டுக்கோ."

அவசரக்காரர் 60 என்று தட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார். பொறுமையுள்ளவர் கேட்பார்: "அண்ணா செத்தாரே, அப்போ உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

"இல்ல இல்ல. பாவாட சட்ட போட்டுக்கினு மாடு மேய்ச்சிக்கினு இருந்தேன்."

"எம்ஜிஆர் மொத மொதல்ல ஆட்சிக்கு வந்தப்போ?"

"அப்போ எம் மூத்தவன் கைக்கொழந்த."

அண்ணா இறந்தது 1969 பிப்ரவரி. எம்ஜிஆர் ஆட்சிக்கு வந்தது 1977. மாடு மேய்த்த சிறுமிக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று. கைக்குழந்தைக்காரிக்கு இருபது, இருபத்தொன்று. ஆயா 1956-ஐ ஒட்டிப் பிறந்திருக்கிறார். அறுபதைவிட எழுபதுதான் பக்கம்.

இப்படிக் கேட்காத கணக்கெடுப்பில் வயதெல்லாம் 0-விலும் 5-இலும் போய்க் குவியும். 40, 45, 50, 60 என்ற இடங்களில் மட்டும் கோபுரம் கோபுரமாக எழும். 41-உம் 49-உம் காலியாகக் கிடக்கும். இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் இது பழைய நோய். குவியலை அளப்பதற்கென்றே விப்பிள் குறியீட்டெண் இருக்கிறது: குவியலே இல்லை என்றால் 100, எல்லோரும் 0, 5-இல் முடிகிற வயதையே சொன்னால் 500. வயது விகித அளவைதான், பாடப்புத்தகம் பொய் சொல்லவில்லை. நீங்கள் வாங்கிவந்த வயது மட்டும் பாதி வரிசை அளவை.

வருமானத்தில் என் யோசனை வேறு. நேரடியாகத் தொகை கேட்டால் முகம் சுருங்கும், கதவு சாத்தப்படும். அங்கே பிரிவு போட்டுக் கேட்பதே மேல். நிஜமான வரிசை அளவை, பொய்யான விகித அளவையைவிட உபயோகம்.

9. வகைப்பெயர் எண்ணை விழுங்கும். வானிலைத் துறைக் கணக்கில் ஒரே நாளில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை கனமழை. 115.6 முதல் 204.4 வரை மிக கனமழை. அதற்கு மேல் எல்லாம் அதி கனமழை. மில்லிமீட்டரில் இருந்த விகித மாறியை மூன்று படி வரிசையாக இறக்கியிருக்கிறார்கள். எச்சரிக்கை கொடுக்க அது தேவை. ஜனங்களுக்கு மூன்று வார்த்தை புரியும், 137.2 புரியாது. ஆனால் கடைசிப் படிக்கு மேல்வரம்பு இல்லை என்பதை மறக்கக் கூடாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. 21 சென்டிமீட்டரும் அதி கனமழை, 50-உம் அதி கனமழை. அந்த வெள்ளம் தென்பெண்ணையில் சேர்ந்து சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறக்கும்படி ஆனது. நம் மலையில் வ.உ.சி. நகர் பக்கம் மண் சரிந்து ஏழு பேர் போனதும் அதே மழையில்தான். எண்ணை வைத்திருக்கிறவர் வகைப்பெயரையும் எழுதலாம். எண்ணைத் தூக்கி எறிந்துவிட்டு வகைப்பெயரை மட்டும் வைத்துக்கொள்ளக் கூடாது.

சாத்தனூரிலேயே இன்னொன்றும் கற்றுக்கொள்ளலாம். அணையின் முழு மட்டம் 119 அடி, கொள்ளளவு 7321 மில்லியன் கன அடி. மட்டம் பாதியாக இறங்கினால் தண்ணீரும் பாதி இருக்கும் என்று நினைப்பவர்கள் படித்தவர்களிலும் இருக்கிறார்கள். அணைப்படுகை கீழே குறுகி மேலே அகன்றது. பாதி மட்டத்தில் பாதித் தண்ணீருக்கு வெகு குறைவாகத்தான் இருக்கும். அடி என்பது நீளத்துக்கு விகித அளவை. தண்ணீர் இருப்புக்கு அது வரிசை அளவை மட்டுமே: மட்டம் கூடினால் தண்ணீர் கூடும், அவ்வளவுதான். மேட்டூரிலும் அப்படியே. 120 அடியில் 93.47 டிஎம்சி. 100 அடிக்கு இறங்கினால் மட்டத்தில் ஆறில் ஒரு பங்குதான் குறைவு, தண்ணீரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஒன்றை அளந்துவிட்டு இன்னொன்றைப் பற்றிப் பேசும்போது அளவை மாறிவிடுகிறது. தேர்வு மதிப்பெண்ணை அளந்துவிட்டு அறிவைப் பற்றிப் பேசுகிறவர்களும் கவனிக்கட்டும்.

10. வட்டமாகச் சுற்றி வரும் மாறிகளைக் கோடு போலக் கணக்குப் போடாதீர்கள். பௌர்ணமி இரவு ஒருவர் 11 மணிக்குக் கிரிவலம் புறப்படுகிறார், இன்னொருவர் 1 மணிக்கு. 24 மணிக் கணக்கில் 23, 1. கூட்டி இரண்டால் வகுத்தால் 12. அதாவது கொளுத்துகிற நண்பகல்! உண்மையான நடு நள்ளிரவு. இந்தத் தவறைக் கணினி சத்தமே இல்லாமல் செய்துகொடுக்கும். கடிகார நேரம், வாரநாள், மாதம், திசை எல்லாம் வட்டம். ஸ்டீவன்ஸின் நாலு பெட்டியில் எதிலும் ஒழுங்காக உட்காராது.

கைவைத்தியம் ஒன்று: ஆட்கள் குறைவாக நடக்கிற நேரத்தில் வட்டத்தை வெட்டுங்கள். வெறுங்காலோடு வெயிலில் நடக்கிறவர் குறைவு என்பதால் நண்பகலைத் தொடக்கமாக வைத்து, அங்கிருந்து எத்தனை மணி நேரம் என்று எண்ணினால் 11 மணிக்காரர் 11, 1 மணிக்காரர் 13, சராசரி 12, அதாவது நள்ளிரவு. எல்லா நேரத்திலும் ஆள் நடந்தால் இது பலிக்காது. அப்போது ஒவ்வொரு நேரத்தையும் வட்டத்தில் ஒரு கோணமாக வைத்து சைன், கோசைன் வழியாகச் சராசரி காண வேண்டும். காற்று வீசும் திசைக்கும் அதுதான் வழி.

தமிழ் வருடப் பெயரும் அறுபதுக்கு ஒருமுறை சுற்றி வரும். 'சர்வசித்து வருஷம் பொறந்தவன்' என்று ஒரு பெரியவர் சொன்னால் 1947-48. 2007-08-உம் அதே சர்வசித்துதான். எந்தச் சுற்று என்பதை அவர் முகத்தைப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

11. மண் பரிசோதனைச் சீட்டில் வரும் பிஎச் எண்ணைச் சராசரி எடுக்கும்போது கவனம். அது மடக்கை அளவை; ஒரு எண் குறைந்தால் அமிலம் பத்து மடங்கு கூடும். 6-க்கும் 8-க்கும் சராசரி 7 என்று எழுதி மண் நடுநிலை என்பார்கள். ஹைட்ரஜன் அயனிச் செறிவைச் சராசரி எடுத்தால் 6.3 வரும். நிலநடுக்க எண்ணுக்கும் இதே எச்சரிக்கை.

12. பெயரளவு மாறிக்குச் சராசரி கூடாது என்றேன். ஒரு விலக்கு உண்டு. ஆம், இல்லை என்று இரண்டே பதில் இருந்தால் ஆமாவுக்கு 1, இல்லைக்கு 0 போடுங்கள். அதன் சராசரிதான் விகிதாசாரம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தின் எழுத்தறிவு 74.21 சதவீதம். ஏழு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில், புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்தவருக்கு 1, தெரியாதவருக்கு 0 போட்டு எடுத்த சராசரியே அது. ஆம் 1, இல்லை 2 என்று போடுகிற பழைய பழக்கத்தை விட்டுவிடுங்கள். அதில் சராசரி 1.26 என்று வந்து நிற்கும், பார்க்கிறவருக்கு ஒன்றும் விளங்காது.

13. எது காரணம், எது விளைவு என்று சாரா மாறி, சார்ந்த மாறி பிரிப்பதை இங்கே நான் எடுக்கவில்லை. அது அளவையைப் பற்றியது அல்ல, உங்கள் ஆய்வின் எண்ணத்தைப் பற்றியது. தனியாகப் பேச வேண்டியது.

14. பதில் கிடைக்காததற்கு என்ன எண் என்பதை முதல் வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு முன் முடிவுசெய்யுங்கள். 'நிலம் எத்தனை ஏக்கர்?' என்ற கட்டத்தில் 0 இருந்தால் நிலமில்லாதவர் என்று பொருள். சொல்ல மறுத்தவருக்கும் 0 போட்டால் இரண்டு பேரும் ஒன்றாகிவிடுவார்கள். கட்டத்தைக் காலியாக விட்டால் கேட்க மறந்தீர்களா, அவர் சொல்லவில்லையா என்று ஆறு மாதம் கழித்து யாருக்கும் தெரியாது. பழைய படிவங்களில் தெரியாததற்கு 99 போடுவார்கள். வயதுக் கட்டத்தில் அது ஆகாது. கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்தில் தொண்ணூற்றொன்பது வயதில் தானே நடந்து வந்து கதவைத் திறக்கிற ஆயாவும் இருப்பார், அவர் மதிப்பும் தெரியாதவர்கள் மதிப்பும் ஒன்றாகி, ஊரின் சராசரி வயது ஏறிவிடும். எந்த உண்மையான பதிலாகவும் இருக்க முடியாத எண்ணாகப் பாருங்கள்: தெரியாது என்றவருக்கு 997, சொல்ல மறுத்தவருக்கு 998, இவருக்கு இந்தக் கேள்வி பொருந்தாது என்றால் 999. சராசரி எடுக்கும் முன் இவற்றை நீக்கும்படி கணினிக்கும் சொல்லுங்கள். குறியீட்டுப் பட்டியலை, எந்த மாறி எந்த அளவை என்ற குறிப்போடு சேர்த்து, படிவத்தின் பின்பக்கத்திலேயே அச்சடித்துவிடுங்கள். தனித்தாளில் கொடுத்தால் இரண்டாவது தெருவிலேயே தொலைந்துவிடும்.